முடிவைச் சொல்லிராதீங்க

என் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்த பிறகு ஒரு வருடம் பத்து மாதம் டயாலிசிஸ் செய்தோம். செவ்வாய், வியாழன், சனி. ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். திண்டுக்கல்லில் கோர்ட்டுக்குப் போகிற ரோட்டில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. அந்த மூன்று நாளும் பத்தரை மணிக்கே ஷட்டரை இறக்கிவிட்டு அவளை ஆட்டோவில் கூட்டிப்போவேன். சாயங்காலம் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு மறுபடியும் கடையைத் திறப்பேன்.

அவள் வீட்டிலிருந்தே ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தவள். கல்யாணமாகி ரெட்டியார்சத்திரம் பக்கத்திலிருந்து டவுனுக்கு வந்த முதல் வருடமே ஒரு பழைய தையல் மிஷினை வாங்கிப் போட்டோம். அதிலிருந்து எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அவள்தான் அளவெடுத்தாள். டயாலிசிசுக்காக இடது கையில் ரத்தக்குழாய்களைச் சேர்த்து ஒரு சின்ன ஆபரேஷன் செய்தார்கள். அந்தக் கையில் பாரம் தூக்கக் கூடாது, அழுத்தக் கூடாது என்றார்கள். துணியைப் பிடித்து நகர்த்துகிற கை அதுதான். தையல் குறைந்துபோனது.

நாலு மாதம் ஒழுங்காக வந்தாள். ஐந்தாவது மாதம் ஒரு வியாழக்கிழமை, சேலை மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள்.

“நான் வரல.”

“ஏன், என்னாச்சு?”

“ஒண்ணும் ஆகல. போதும்ங்க. ஊசி குத்திக் குத்திக் கை சல்லடையாப் போச்சு. அம்புட்டு நேரம் கொண்டுபோய்ப் படுக்கப் போட்டுட்டு, திரும்பிக் கூட்டியாந்து இங்க படுக்கப் போடுறீங்க. இதுக்குப் பேரு பொழப்பா?”

எவ்வளவோ கெஞ்சினேன். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகளைப் போனில் பேச வைத்தேன். கேட்கவில்லை. சனிக்கிழமையும் வரவில்லை. திங்கட்கிழமை காலையில் மூச்சு விட முடியாமல் உட்கார்ந்தபடியே திணறினாள். தூக்கிக்கொண்டு ஓடினோம். பிழைத்தாள். அதற்குப் பிறகு வரமாட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் வார்டில் போய்ப் படுத்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். நான் பேசினாலும் பதில் வராது. நர்ஸ் பேசினாலும் வராது. மிஷின் ஓடும். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். இப்படியே ஒரு வருடம் போனது.

அந்த வார்டில் எட்டுக் கட்டில். ஒவ்வொரு கட்டிலுக்கும் பக்கத்தில் ஒரு மிஷின். எதிர்ச்சுவரில் உயரத்தில் ஒரு டிவி. பழைய பாட்டு எதையாவது போட்டுவிட்டுப் போவார்கள், யாரும் கவனிக்க மாட்டார்கள். ஒருநாள் மதியம் ஒரு மணிக்கு அந்த டிவியில் புதிதாக ஒரு தொடர் ஆரம்பித்தது. வெளிநாட்டுத் தொடர். தமிழில் பேச வைத்திருந்தார்கள். எந்த நாடு என்று எங்கள் யாருக்கும் பிடிபடவில்லை. பனி கொட்டிக்கொண்டே இருந்தது. ரயில் கரும்புகை விட்டது. நீளக் கோட்டு போட்ட ஒருவன் ரயில் படியில் நின்றுகொண்டு, “அன்பே, கலங்காதே. போர் முடிந்ததும் உன்னைத் தேடி வருவேன்” என்றான். அவன் வாய் மூடிய பிறகும் தமிழ் வந்துகொண்டிருந்தது. வார்டே சிரித்தது.

என்ன சிரிப்பு என்று பார்க்கத்தான் அவள் சுவரிலிருந்து திரும்பினாள்.

கதை பெரிய கதை இல்லை. ஆற்றங்கரையில் ஒரு ஊர். கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகாத ஒரு பெண். புருஷனைப் போருக்குக் கூட்டிப்போய்விடுகிறார்கள். இவள் பிழைப்புக்காக ராணுவ ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் தையல் கூடத்தில் வேலைக்குச் சேர்கிறாள். அடிபட்டவர்கள், செத்தவர்கள் உடுப்பெல்லாம் மூட்டை மூட்டையாக அங்கே வரும். துவைத்து, ஓட்டையை அடைத்து, பொத்தான் வைத்து மறுபடியும் போர்முனைக்கு அனுப்ப வேண்டும். வேறு ஒருவன் போட்டுக்கொள்வான். புருஷன் புறப்பட்ட அன்று அவன் சட்டைக் காலருக்கு உள்பக்கம் இவள் நீல நூலில் சின்னதாக ஒரு பூ தைத்துவிட்டிருந்தாள். ஒவ்வொரு மூட்டையைப் பிரிக்கும்போதும் முதலில் காலரைத்தான் புரட்டிப் பார்ப்பாள். பூ இல்லை என்றால் அன்றைக்கு அவன் உயிரோடு இருக்கிறான்.

என் மனைவிக்கு வேறென்ன வேண்டும்?

“இவ நெசமாவே தைக்கத் தெரிஞ்சவதாங்க” என்றாள் இரண்டாம் நாளே. “ஊசியப் புடிக்கிறதப் பாருங்க. காஜா எடுக்கிறப்போ கட்ட வெரல எங்க வைக்கிறா பாருங்க. நடிப்புக்குன்னு புடிச்சா இப்படி வராது.”

ஒரு வருடத்தில் அந்த வார்டுக்குள் அவள் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

அடுத்த வாரத்திலிருந்து அவளே குளித்து, தலைவாரி, பத்து மணிக்கெல்லாம் வாசலில் நின்றாள். “கெளம்புங்க, செத்த நேரம் போனா ஆட்டோ கெடைக்காது” என்று என்னை விரட்டினாள். மற்ற நாட்களில் வீட்டு டிவியில் பார்த்தாள். ஆனால் வார்டில் எல்லோரோடும் பார்ப்பதுதான் பிடித்தது. எட்டுப் பேரும் கையை நீட்டிப் படுத்தபடி ஒரே பக்கம் பார்ப்பார்கள். மூட்டையைப் பிரிக்கும் காட்சி வந்தால் மிஷின் சத்தம் மட்டும்தான் கேட்கும். காலரைப் புரட்டி, பூ இல்லை என்று தெரிந்ததும் எட்டுப் பேரும் மூச்சு விடுவார்கள். ஒருநாள் கரண்ட் போனது. மிஷின்கள் ஜெனரேட்டரில் ஓடின, டிவிக்கு அந்த இணைப்பு இல்லை. ஒரே புலம்பல். கடைசியில் சின்ன வயது நர்ஸ் ஒருத்தி தன் போனில் தொடரைப் போட்டு, கட்டில் கட்டிலாக நடந்து, ஒவ்வொருவர் முகத்துக்கு நேரேயும் சிறிது நேரம் பிடித்துக் காட்டினாள்.

என் மனைவிக்கு அடுத்த கட்டிலில் ஒரு பெரியவர். தொப்பம்பட்டிப் பக்கத்துக்காரர். பழநியில் இடம் கிடைக்காமல் இங்கே வந்துகொண்டிருந்தார். பட்டாளத்தில் பல வருடம் இருந்துவிட்டு வந்து தென்னந்தோப்பு பார்த்துக்கொண்டிருந்தவர். “தோப்பு நெறையக் காய் கெடக்குதுங்க, ஒரு மடக்கு எளநி குடிக்கக் கூடாதுங்கறாங்க” என்பார். சிறுநீரகம் போனவர்களுக்கு இளநீர், பழம், தண்ணீர் எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு; எங்களுக்கும் அது தெரியும். சிறுமலை வாழைப்பழம் தள்ளுவண்டியில் போனால் என் மனைவி வாசனை பிடித்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

பட்டாளத்துக்காரர் ஆரம்பத்தில் தொடரைக் கேலி செய்தார். “ஏனுங்க, துப்பாக்கிய வெளக்கமாறாட்டப் புடிச்சுட்டு ஓடறானுங்க, இவனுங்களுக்கு எவன் சண்ட சொல்லிக் குடுத்தான்?” என்று சத்தமாகக் கேட்டுச் சிரிக்க வைப்பார்.

ஒரு சனிக்கிழமை, பனிக்குழிக்குள் ஒரு சிப்பாய் செத்துக் கிடக்க, கூட இருந்தவன் அவன் காலில் இருந்த பூட்சைக் கழற்றித் தன் காலில் மாட்டிக்கொண்டான். “அடப்பாவி, கூட இருந்தவனாச்சே” என்றார் யாரோ.

“பாவியில்லீங்க!” என்று பட்டாளத்துக்காரர் கத்தினார். “குளிருக்குங்க அது. குளிருக்குங்க.”

மல்லாந்து படுத்திருந்ததால் கண்ணீர் காதுப் பக்கம் வழிந்தது. ஒரு கையில் குழாய், இன்னொரு கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை. அவரால் துடைத்துக்கொள்ள முடியவில்லை. என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் எழுந்து போய் அவர் துண்டாலேயே துடைத்துவிட்டேன்.

அடுத்த வாரம் அவராகவே அவளிடம் சொன்னார். பனிமலை மேலே ஒரு குளிர்காலம் முழுவதும், செத்துப்போன தோழன் ஒருவனுடைய கம்பளிக் காலுறையைப் போட்டுக்கொண்டிருந்தாராம். வீட்டில்கூட யாரிடமும் இதைச் சொன்னதில்லையாம்.

“அவங்க வீட்டுக்குப் போனீங்களாண்ணே?” என்று கேட்டாள்.

“லீவுல போனேனுங்க. அவங்கம்மா சோறு போட்டுச்சுங்க. இன்னுங் கொஞ்சம், இன்னுங் கொஞ்சம்னு போட்டுச்சுங்க. சொல்லத்தான் போனேன். வாய் வர்லீங்க.”

அன்றிலிருந்து இருவரும் தொடர் ஓடும்போது ஒருவரையொருவர் பார்த்துத் தலையை ஆட்டிக்கொள்வார்கள். அப்படி ஒரு பழக்கம் வந்துவிட்டது.

தொடரின் ஆரம்பத்தில், இது ஒரு நாவலைத் தழுவியது என்று எழுத்து வரும். இரண்டு மாதம் கழித்துத்தான் அதைக் கவனித்தாள். “புஸ்தகமா இருக்காம்ல. லைப்ரரில கேட்டுப் பாருங்க” என்றாள். எனக்கு நம்பிக்கையில்லை. ஆனால் நூலகத்தில் இருந்தது. தமிழ் மொழிபெயர்ப்பு, தடிமனான அட்டை, எடுத்துப் போனவர்கள் குறைவு. மூன்று நாள் கடையில் உட்கார்ந்து, ஆள் வராத நேரத்தில் படித்தேன். முடிவைப் படித்தபோது ஒரு வக்கீல் குமாஸ்தா வந்து இரண்டு பக்கமும் நகல் வேண்டும் என்றார். நான் ஒரு பக்கம் மட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டேன். அவர் திரும்பி வந்து திட்டினார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் என் முகத்தைப் பார்த்தாள்.

“படிச்சிட்டீங்களா?”

“படிச்சிட்டேன்.”

“முடிவைச் சொல்லிராதீங்க. சொல்லிட்டீங்கன்னா நான் எதுக்கு அங்க வந்து படுக்கணும்?”

சொல்லவில்லை. புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவரவே இல்லை. கடையில் பேப்பர் கட்டுகளுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

ஆனால் நான் படித்துவிட்டேன் என்பது வார்டில் பரவிவிட்டது. வந்தால் ஆளாளுக்குக் கேட்பார்கள். நர்ஸ் கேட்பாள். நான் சிரித்துச் சமாளிப்பேன். பட்டாளத்துக்காரர் மட்டும் கேட்கவில்லை. அவருக்கு அப்போது உடம்பு இறங்கிக்கொண்டிருந்தது. கால் இரண்டும் வீங்கி, மகன் தாங்கிப் பிடித்துத்தான் எடை பார்க்கும் மேடையில் ஏற்றுவான். ஒரு சனிக்கிழமை, தொடர் முடிந்த பிறகு, என்னைக் கையால் கூப்பிட்டார். என் மனைவி கண்ணை மூடிப் படுத்திருந்தாள். நான் அவர் பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

“முடிவு வரைக்கும் நான் இருக்க மாட்டேனுங்க. எனக்கு மட்டும் சொல்லிப்போடுங்க. அந்தப் பையன் வாரானுங்களா?”

“இருப்பீங்கய்யா. நீங்களே பாப்பீங்க.”

“அத வுடுங்க. வாரானா?”

அவர் கண்ணைப் பார்த்தேன். “வந்துருவான்யா” என்றேன். “போர் முடிஞ்சு, நல்லபடியா வந்து சேந்துருவான்.”

“நல்லதுங்க” என்றார். என் கையை ஒரு தரம் பிடித்துவிட்டு விட்டார்.

செவ்வாய்க்கிழமை அந்தக் கட்டிலில் புது விரிப்பு போட்டிருந்தது. அந்த வார்டில் யார் போனாலும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். “ஊர்ப்பக்கமே மாத்திக்கிட்டாரு” என்றாள் நர்ஸ், யார் முகத்தையும் பார்க்காமல். பதினொன்றரைக்கு வேறு ஒருவர் அந்தக் கட்டிலில் வந்து படுத்தார். ஒரு மணிக்கு ரயிலும் பனியும் மூட்டைகளும் வந்தன. என் மனைவி பழக்கத்தில் பக்கத்துக் கட்டிலைத் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினாள். பிறகு சட்டென்று டிவி பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்று வீட்டுக்கு வந்து, அளந்து வைத்த அரை டம்ளர் தண்ணீரை வாய் வாயாகக் குடித்துக்கொண்டே கேட்டாள்.

“அவருகிட்ட என்ன சொன்னீங்க?”

“எவர்கிட்ட?”

“நடிக்காதீங்க. கண்ணத்தான மூடியிருந்தேன், காதையா மூடியிருந்தேன்?”

“வந்துருவான்னு சொன்னேன்.”

“அது எனக்கும் கேட்டுச்சு. நெசமான்னு கேக்குறேன்.”

‘நெசந்தான்’ என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல். அது வாயில் வரவில்லை. “நீதான முடிவைச் சொல்லக் கூடாதுன்ன” என்றேன்.

டம்ளரைக் கீழே வைத்தாள். “அப்ப வரல” என்றாள்.

நான் எழுந்து அடுப்படிக்குப் போகப் பார்த்தேன்.

“உக்காருங்க. உங்களுக்குப் பொய் சொல்லணும்னா மட்டும் கொரல் பெருசாகும். அவருகிட்ட வார்டுக்கே கேக்குற மாதிரி சொன்னீங்க. நான் அப்பவே நெனச்சேன்.” டம்ளரை ஓரமாக நகர்த்தினாள். “டாக்டர் ரூம்லருந்து வந்து, ஆபரேசன் கொஞ்ச நாள் கழிச்சுப் பாத்துக்கலாம்னாருன்னு சொன்னீங்கள்ல? அன்னைக்கும் இப்படித்தான் சத்தமாச் சொன்னீங்க.”

நான் திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

அந்தத் தொடர் ஆரம்பிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது அது. எங்கள் மகள் தன் சிறுநீரகத்தில் ஒன்றைத் தருவதாகச் சொல்லியிருந்தாள். சோதனைகள் எல்லாம் செய்தார்கள். டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டு, இதயம் பலவீனமாகிவிட்டது, மாற்று அறுவை சிகிச்சையைத் தாங்காது, டயாலிசிசும் எத்தனை நாளைக்கு என்று சொல்ல முடியாது என்றார். வெளியே அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் சிரித்த முகத்தோடு போய் அந்தப் பொய்யைச் சொன்னேன். மகளிடம் மட்டும் உண்மையைச் சொல்லி, அம்மாவிடம் காட்டிக்கொள்ளாதே என்று சத்தியம் வாங்கினேன்.

இப்போது எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே சொன்னேன். அவள் அழவில்லை. முந்தானை நுனியைப் பிரித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள்.

“பாப்பாவுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“அதான் போன்ல சும்மா சும்மா சிரிக்கிறா.” பிறகு, “கதையச் சொல்லுங்க. முடிவு வரைக்கும் சொல்லுங்க” என்றாள்.

சொன்னேன். போர் முடிந்துவிடுகிறது. ஊரெல்லாம் மணி அடிக்கிறார்கள். கூடத்தை மூடப் போகிறார்கள், கடைசி மூட்டை வருகிறது. அவள் காலரைப் புரட்டுகிறாள். நீல நூல் பூ.

“எந்த எடத்துல கிழிஞ்சிருந்துச்சு?”

“எடது விலாவுக்குக் கீழ.”

“தச்சாளா?”

“தச்சா. துவைச்சு, தேச்சு, பொத்தான் ஒண்ணு விட்டுப் போயிருந்துச்சு, அதையும் வச்சா. குளிருக்கு உடுப்பு இல்லாம நிக்கிற யாருக்காச்சும் ஆகட்டும்னு மத்த துணியோட சேத்து அனுப்பிட்டா. அத்தோட கதை முடியுது.”

“வச்சுக்கலையா?”

“வச்சுக்கல.”

“நானா இருந்தா வச்சுக்கிருவேன்” என்று சொல்லிவிட்டு, அப்போதுதான் அழுதாள். யாருக்காக அழுதாள் என்று நான் கேட்கவில்லை. எனக்கும் அழுகை வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, ஊசி குத்தாத கையைப் பிடித்துக்கொண்டேன்.

முடிவு தெரிந்துவிட்டது, இனி வரமாட்டாள் என்று பயந்தேன். வியாழக்கிழமை பத்து மணிக்கு அவள் வாசலில் நின்றாள்.

“அவளுக்கு இன்னும் தெரியாதுல்லங்க. பாவம், ஒவ்வொரு மூட்டையா புரட்டிக்கிட்டு இருக்கா. நாமளாச்சும் கூட இருக்க வேணாமா?”

அதற்குப் பிறகு அவள் பார்த்தது வேறு மாதிரி. மூட்டையைப் பிரிக்கும்போது மற்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள், இவள் அமைதியாக இருப்பாள். அந்தப் பெண் ஆற்றங்கரையில் தோழிகளோடு சிரித்துப் பேசுகிற காட்சி, புருஷன் வந்ததும் போடச் சொல்ல ஒரு சட்டைக்குத் துணி வெட்டுகிற காட்சி வந்தால்தான் அழுவாள். வார்டில் யாராவது முடிவைக் கேட்டு என்னை நச்சரித்தால், “அவருக்கு ஒண்ணுந் தெரியாது. பாதியில தூங்கிட்டாரு” என்று விரட்டிவிடுவாள்.

வீட்டிலும் நாங்கள் அப்போதுதான் பேசினோம். அதுவரை நான் மறைப்பதிலேயே குறியாக இருந்தேன், அவள் கேட்காமல் இருப்பதிலேயே குறியாக இருந்திருக்கிறாள். தைக்கக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த பெண்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, “என்னால முடியலம்மா, வேற எடத்துல குடுத்துக்கங்க” என்று துணியைத் திருப்பிக் கொடுத்தாள். அளவு எழுதி வைத்திருந்த நோட்டைத் தெருக்கோடியில் புதிதாகத் தையல் ஆரம்பித்திருந்த ஒரு பெண்ணிடம் கொடுத்தாள். மகள் வாராவாரம் வந்தாள். இரண்டு பேரும் உள்ளறையில் படுத்துக்கொண்டு மணிக்கணக்காகப் பேசுவார்கள். என்னை உள்ளே விடமாட்டார்கள்.

தொடர் முடிய இன்னும் மூன்று வாரம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டாள். மதியத்துக்கு என்ன வெஞ்சனம் வைக்கலாம் என்று என்னிடம் கேட்டு, அவளே அவரைக்காய் என்று முடிவும் செய்தாள். முறத்தை எடுத்துவைத்துக்கொண்டு நாலைந்து காய் நறுக்கினாள். “செத்த நேரம் படுக்கிறேன், மிச்சத்த நீங்க நறுக்குங்க” என்று போய்ப் படுத்தாள். நறுக்கி முடித்து, உப்பு எவ்வளவு என்று கேட்கப் போனேன். இரண்டு தரம் கூப்பிட்டேன்.

எல்லாம் முடிந்து, பதினாறாம் நாளும் போன பிறகு, கடையைத் திறந்தேன். தொடரை நான் பார்க்கவில்லை. அவள் இல்லாமல் அந்தக் கடைசி மூட்டையைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. அவளுடைய இறப்புச் சான்றிதழை நகல் எடுக்க வேண்டியிருந்தது. என் மிஷினிலேயே எடுத்தேன். அன்றைக்கு மதியம் ஒன்றே முக்காலுக்குப் போன் வந்தது. வார்டிலிருந்து அந்தச் சின்ன நர்ஸ்.

“அங்கிள்! வந்துட்டான் அங்கிள்!”

பின்னால் கைதட்டும் சத்தம் கேட்டது. எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை.

“யாரும்மா?”

“அவ புருசன் அங்கிள்! இன்னைக்குத்தான் கடைசி எபிசோடு. ஊன்றுகோல வச்சுக்கிட்டு ரயில்லருந்து எறங்கி வாரான். இங்க எல்லாரும் அழுறாங்க. ஆன்ட்டிய நெனச்சுக்கிட்டோம், அதான் உங்களுக்குச் சொல்லணும்னு…”

“சரிம்மா. சந்தோசம்மா” என்று சொல்லி வைத்தேன்.

அப்படி ஒரு ஆத்திரம் எனக்கு அதற்கு முன்னாலும் வந்ததில்லை, பின்னாலும் வந்ததில்லை. மாற்றிவிட்டார்கள். புத்தகத்தில் அச்சடித்திருந்ததை டிவிக்காரர்கள் மாற்றிவிட்டார்கள். பார்க்கிறவர்கள் மனசு தாங்காது என்று நினைத்திருப்பார்கள். பட்டாளத்துக்காரரிடம் நான் சொன்ன பொய் பலித்துவிட்டது. என் மனைவியிடம் சொன்ன உண்மை பொய்யாகப் போய்விட்டது. அவள் கடைசி இரண்டு மாதமும் வராதவனுக்காக அழுதாள். அவன் வந்துவிட்டான். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, உள்ளே பேப்பர் கட்டுகள்மேல் உட்கார்ந்து, ‘நெசந்தான்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன என்று என்னை நானே கேட்டுக்கொண்டிருந்தேன்.

மகளிடம் சொன்னேன். “அப்பா, அம்மாவுக்குத் தெரிஞ்சதுதான் நல்லது” என்றாள். “அதுக்கப்புறந்தான் எங்கிட்ட மனசுவிட்டுப் பேசுச்சு. எனக்கு அந்த ரெண்டு மாசம் வேணும்ப்பா.” அவள் சொல்வது சரிதான். சரி என்று தெரிந்தும் பல நாள் எனக்கு ஆறவில்லை.

ஒரு மாதம் கழித்துப் போனில் அந்தக் கடைசிப் பகுதியைப் பார்த்தேன். புகைக்குள்ளிருந்து அவன் வந்தான். மெலிந்து, தாடி வளர்ந்து, ஒரு கால் இல்லாமல். அந்தப் பெண் ஓடவில்லை, நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் தேம்பித் தேம்பி அழுதேன். அது சந்தோஷம்தான் என்று பிறகுதான் தெரிந்தது. “வந்துட்டான் பாரு” என்று சொல்லிக்கொண்டு பக்கத்தில் திரும்பியிருந்தேன்.

போன வாரம் ஒருவர் கடைக்கு வந்தார். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும், கொடைரோட்டிலிருந்து வந்திருந்தார். காப்பீட்டுக்காக மனைவியின் ஆஸ்பத்திரிப் பைலை முழுவதும் நகல் எடுக்க வேண்டும் என்றார். முதல் தாளைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு தாளாக வைத்து எடுத்துக்கொண்டிருந்தேன்.

“அண்ணே, இந்த டயாலிசிஸ் பண்ணா சரியாயிருமாண்ணே?”

குரலை உயர்த்தாமல் சொன்னேன். “சரியாகாது தம்பி. ஆனா நாள் கெடைக்கும். வீட்டுக்காரம்மாகிட்ட எதையும் மறைக்காதீங்க.”

அவர் முகம் விழுந்துவிட்டது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். டீ வரவழைத்தேன். என் மனைவியைப் பற்றிச் சொன்னேன். அந்த நாலு மணி நேரமும் எப்படிப் போகும் என்று கேட்டார். தொடரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். ரயில், பனி, தையல் கூடம், காலரில் நீலப் பூ. டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

“கடைசில அவன் வந்தானாண்ணே?”

“டிவியில வந்துட்டான்” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, பைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்து போனார்.